இரண்டாவது வெள்ளைப் பட்டை

ஜூன் 29

ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. காற்று அதற்குள் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸ் கூரைத் தகரம் விடாமல் அடித்துக்கொள்கிறது. ஆசாரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டது.

காலையில் இயக்குநர் அழைத்தார். ஆகஸ்டு எட்டாம் தேதி நம் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகள் விழா. பேரிக்காய்க்குக் குயின்ஸ் வேர்ச்செடிதான் ஏற்றது என்று அன்று மேல்மலை முழுவதற்கும் அறிவிக்கப்போகிறார்களாம். பள்ளங்கரையில் முப்பது குடும்பங்களுக்கு இலவசக் கன்று. வாங்குகிறவர்கள் தங்கள் பழைய நாட்டுப்பேரி மரங்களை வெட்டி இடம் தயார்செய்ய வேண்டும்.

"ஒன்பது வருச உழைப்பு மேடம். உங்க மரம்" என்றார். நிலையத்தின் மரம் என்றேன்.

அருள்நேசனிடம் சொன்னபோது அவர் ஒட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். இந்தச் சோதனைத் தோட்டத்தை ஆரம்பத்திலிருந்து என்னோடு பார்த்துக்கொள்பவர். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் டாக்டர். "நல்லது டாக்டர்" என்றார். தீட்டி முடித்த கத்தியையே மறுபடியும் தீட்டினார். இருமல் குறையவில்லை அவருக்கு.

ஜூன் 30

விழாவுக்கான துண்டறிக்கையை எழுத உட்கார்ந்தேன். எங்கள் மொழியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மூன்று தடவை அடித்து எழுதிய பிறகு இப்படி வந்தது:

'ஒட்டுப் பேரி என்பது இரண்டு மரம். மண்ணுக்குள் இருப்பது ஒன்று, மேலே காய்ப்பது இன்னொன்று. கீழே இருப்பது வேர்ச்செடி. நாட்டுப்பேரி வேரில் ஒட்டுக் கட்டினால் மரம் முப்பது அடி போகும். ஏறித்தான் பறிக்க வேண்டும். இமயத்துக் காட்டுப்பேரி வேரில் கட்டினால் உயரம் கொஞ்சம் குறையும். பேரிக்கு உறவான குயின்ஸ் செடியின் வேரில் கட்டினால் மரம் குட்டையாக நின்றுவிடும், சீக்கிரம் காய்க்கும், தரையில் நின்றே பறிக்கலாம். நடும்போது ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரிய வேண்டும். அதை மண்ணால் மூடாதீர்கள். மூடினால் மேல்மரம் தானே வேர்விட்டுக்கொள்ளும். பிறகு குயின்ஸ் வேர் இருந்தும் இல்லாததுபோல்தான்.'

இந்த வேர்கள் மூன்றையும்தான் ஒன்பது வருடமாக ஒப்பிட்டு வருகிறோம். நட்ட அன்று ஒவ்வொரு மரத்திலும் ஒட்டு இருக்கும் இடத்தில் நானே வெள்ளை எனாமல் பெயிண்டால் ஒரு பட்டை அடித்தேன். அந்தப் பட்டைக்கு ஒரு சாண் மேலே நாடா வைத்து வருடா வருடம் சுற்றளவு எடுக்கிறோம்.

குயின்ஸ் மரங்கள் எதிர்பார்த்ததைவிட உயரமாக வந்திருக்கின்றன. மண் நல்ல மண் என்கிறார் அருள்நேசன். இருக்கலாம்.

ஜூலை 2

மதுரையில் கூட்டம். நான்கு மணிநேரம் பேசி அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். திரும்பும் வழியில் ஒரு மப்ளர் வாங்கினேன். சாம்பல் நிறக் கம்பளி. தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். ஆண்கள் போடும் அளவு. யாருக்காவது ஆகும்.

ஜூலை 5

பஞ்சவர்ணம் போன் செய்தாள். "டாக்டரம்மா, மரம் உக்காந்துருச்சு."

"உக்காந்துருச்சுன்னா?"

"வந்து பாருங்க."

பள்ளங்கரையில் குயின்ஸ் வேர் மரங்களை முதலில் நம்பி நட்டவள் அவள். நான்கு வருடம் ஆகிறது. அவள் கணவர் சன்னாசி நாட்டுப்பேரியில் ஏறிக் காய் பறிக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தவர். கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். "குட்டை மரம்னா அவரும் ஒரு கை பறிப்பாருல்ல" என்று சொல்லித்தான் கன்று வாங்கினாள். நட்ட அன்று நான் கூட இருந்தேன். ஒட்டுக்கும் மண்ணுக்கும் இடையே அவள் கையை விரித்து வைத்து ஒரு சாண் அளந்து காட்டினேன்.

நானும் அருள்நேசனும் ஜீப்பில் போனோம். மூன்றில் ஒரு பங்கு மரங்கள் காயோடு சாய்ந்து கிடந்தன. அவ்வளவும் ஒட்டு இருந்த இடத்தில் முறிந்தவை. அருள்நேசன் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார்.

"குதிரை உரசியிருக்கும்" என்றார். இங்கே மூட்டை சுமக்க எல்லோரும் குதிரை வைத்திருக்கிறார்கள்.

"எங்க குதிரை செத்து ஒரு வருசமாச்சு சார். பேயா வந்துதேன் உரசியிருக்கணும்" என்றாள் பஞ்சவர்ணம்.

"அது உசுரோட இருக்கறப்பவே உரசாது. சோம்பேறிக் கழுத" என்றார் வேலியோரம் கல்லில் உட்கார்ந்திருந்த சன்னாசி.

"கோழி எரு அதிகமாப் போட்டீங்களா?" என்று கேட்டார் அருள்நேசன்.

"டாக்டரம்மா எம்புட்டுச் சொன்னாகளோ அம்புட்டுத்தேன். மண்ணுகூட அணைக்கல சார். உருளைக்கெழங்குக்கு அணைச்சு அணைச்சுப் பழகுன கை, செடியக் கண்டா சும்மா இருக்குமா? இருந்தாலும் ஒட்டுத் தெரியணும்னு சொன்னாகளேன்னு நாலு வருசமா கைய மடக்கிக்கிட்டு இருக்கேன்."

வடிகால் ஒழுங்காக வெட்டினாளா என்று நான் கேட்டேன். அவள் வடிகாலைக் கை நீட்டிக் காட்டினாள். வடிகால் ஒழுங்காகத்தான் இருந்தது.

திரும்பும்போது அருள்நேசன், "ஒரு தோட்டத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது டாக்டர்" என்றார். சரியான பேச்சு. மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் பேச்சு.

ஜூலை 8

முறிந்த துண்டு ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். நார் இல்லை, சிராய் இல்லை. கம்பியால் அறுத்த சோப்புக்கட்டி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. குதிரை உரசினால் இப்படி முறியாது. மேல்மரமும் வேர்ச்செடியும் சேரவே இல்லை என்று அர்த்தம். நான்கு வருடம் வெளி மரப்பட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. காயின் கனமும் காற்றும் சேர்ந்ததும் விட்டுவிட்டது.

குயின்ஸ் சில பேரி ரகங்களோடு இப்படிச் செய்யும். புத்தகங்களில் இருக்கிறது. இந்த ரகத்தோடு செய்யாது என்பது எங்கள் சோதனைத் தோட்டத்தின் முடிவு. அறிக்கையில் நானே எழுதியிருக்கிறேன்: 'ஒட்டுப் பகுதியின் மேற்பட்டையில் வீக்கமோ கோடோ இல்லை. இணைப்பு முழுமையானது.'

இரண்டு இடத்திலும் ரகம் ஒன்று, தாய்மரம் ஒன்று, நாற்றங்கால் ஒன்று. இங்கே சேர்ந்தது அங்கே ஏன் சேரவில்லை?

சந்தேகப்படுவது என் தொழில். மண்ணைச் சந்தேகப்பட்டேன். நாற்றங்காலைச் சந்தேகப்பட்டேன். பஞ்சவர்ணத்தையும்கூட. அதற்குமேல் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆசாரி வரவில்லை.

ஜூலை 11

"நம்ம குயின்ஸ் வரிசையில ஒரு மரத்தை அறுத்துப் பார்க்கணும். ஒட்டு உள்ளே எப்படிச் சேர்ந்திருக்குன்னு" என்று அருள்நேசனிடம் சொன்னேன்.

"விழாவுக்கு முன்னாலயா? முன்பல்லு போன மாதிரி இருக்கும் டாக்டர்."

சிரித்துவிட்டேன்.

"விழா முடியட்டும். நானே அறுத்துத் தர்றேன்."

சரி என்றேன். பிளாஸ்க்கில் இருந்த சுக்குக்காபியை எனக்கும் ஊற்றினார். மூடியில் எனக்கு, தம்ளரில் அவருக்கு. எப்போதும் அப்படித்தான், மூடியில் சூடு நிற்கும் என்பார்.

ஜூலை 14

மழை. மப்ளர் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது.

ஜூலை 17

ஆடி ஒன்று. தோட்டத்துப் பெண்கள் வேலைக்கு நடுவில் கொட்டகையில் ஒதுங்கியிருந்தார்கள். டீ குடிக்கக் கூப்பிட்டார்கள். காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. ராக்கம்மாதான் இவர்களுக்கெல்லாம் மேஸ்திரி. அவள் சொன்னாள்:

"இதெல்லாம் ஒரு காத்தாம்மா? நீங்க ஆத்தாளுக்கு முடியலன்னு ஊருக்குப் போயிருந்தீகளே, அந்த வருசம் அடிச்சது காத்து."

"அப்ப என்ன ஆச்சு?"

"எங்களுக்கு வசவுதேன் ஆச்சு. சார் மூணு நாளு கோயமுத்தூரு போயிருந்தாரு. குட்டை மர வரிசையில களையெடுங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. நாங்க களையெடுத்தோமா, கை நிக்கல. கெழங்குக்கு அணைக்கிற மாதிரியே ரெண்டு வரிசைக்கு முழங்கால் ஒசரம் மண்ண ஏத்திப்புட்டோம். சார் வந்து பாத்துட்டு ஆடுனாரு பாருங்க ஒரு ஆட்டம்!"

"'இது என்ன உங்க மாமியா வீட்டு உருளைக்கெழங்கா?'ன்னாரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"விடிஞ்சா மக்யா நாளு, காத்து" என்றாள் ராக்கம்மா. "மண்ணு அணைச்ச ரெண்டு வரிசையும் அப்பிடியே நிக்கிது. மத்த வரிசையில நெறைய மரம் மளார் மளார்னு விழுந்துபோச்சு. பெறகு சாரே கூப்பிட்டு, 'எல்லாத்துக்கும் அணைங்க, எல்லா வரிசைக்கும்'ன்னாரு. திட்டுன வாயால வடை வாங்கிக் குடுத்தாரு."

"எந்த மரம் விழுந்துச்சு?"

"குட்டை மரந்தேன். நாத்தங்கால்ல மிச்சமிருந்த அதே வயசுக் கன்னாக் கொண்டாந்து வச்சுட்டாரே. ஏன், உங்களுக்குச் சொல்லலையா?"

சொன்னார் என்றேன். டீயைக் குடித்து முடித்தேன்.

அந்த வருடம் நான் திரும்பி வந்தபோது வரிசைகள் எல்லாம் மேடாக இருந்தன. தண்ணீர் தேங்காமல் இருக்க மேட்டுப்பாத்தி போட்டதாகச் சொன்னார். நல்ல யோசனை என்று பாராட்டினேன். வெள்ளைப் பட்டைகள் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பளிச்சென்று தெரிந்தன.

ஜூலை 20, ஞாயிறு

அருள்நேசன் சர்ச்சுக்காகக் கொடைக்கானல் போயிருந்தார். கொட்டகையிலிருந்து மண்வெட்டியும் வாளும் எடுத்துக்கொண்டு குயின்ஸ் பகுதியின் கடைசி வரிசைக்குப் போனேன். நல்ல மூட்டம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

முதலில் வாள். வெள்ளைப் பட்டை இருக்கும் இடத்தில் ஒரு பக்கமாக ஆப்புப் போல் ஒரு துண்டு அறுத்து எடுத்தேன். ஒட்டு இருந்தால் கட்டைக்குள் ஒரு கோடு தெரியும். எவ்வளவு நன்றாகச் சேர்ந்திருந்தாலும் தெரியும். கோடு இல்லை. பட்டைக்கு மேலேயும் கீழேயும் ஒரே கட்டை. ஒரே பேரி.

பிறகு தோண்டினேன். எனக்கு மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை, கை கொப்பளித்துவிட்டது. முழங்கால் ஆழத்துக்கு இறங்குவதற்குள் பேரித் தண்டிலிருந்தே புறப்பட்ட வேர்கள் வந்தன. கட்டைவிரல் பருமன், சில அதற்கும் மேல். வட்டமாக எல்லாப் பக்கமும் இறங்கியிருந்தன. அவற்றை ஒதுக்கிக்கொண்டு கீழே போனால், அங்கே இருந்தது. பழுத்துப்போன, விரிசல் விட்ட, என் கையால் அடித்த பட்டை. எனாமல் பெயிண்ட் மண்ணுக்குள் நன்றாகவே தாங்குகிறது.

அதற்குக் கீழே குயின்ஸ். கம்புபோல் வற்றிக் கிடந்தது. இந்த மரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மரம் தன் சொந்த வேரில் நிற்கிறது, அதனால்தான் உயரம்.

மண் ஏற்றியது கைப்பழக்கம். அதை யாரும் செய்துவிடலாம். மேலே இன்னொரு பட்டையைக் கைப்பழக்கத்தில் யாரும் அடிப்பதில்லை. தூரிகை எடுத்து, மரம் மரமாகப் போய், மண்ணிலிருந்து ஒரு சாண் அளந்து, கோணாமல் அடித்திருக்கிறார். ஆறு வருடமாக அந்தப் பட்டைக்கு மேலே நான் நாடா பிடிக்கிறேன். மறுமுனையை அவர் பிடிக்கிறார்.

குழியை மூடினேன். மற்ற மரங்களைத் தோண்டவில்லை. ஒன்று போதாது என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

ஜூலை 21

இன்னும் நான்கு மரங்கள். நான்கும் அப்படியே.

ஜூலை 22

காலையில் ஒட்டுக்கொட்டகையில் தனியாக இருந்தார். பிளாஸ்க்கைத் திறக்கப்போனார்.

"ரெண்டாவது பட்டை எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டேன்.

மூடியைத் திரும்பப் போட்டு இறுக்கினார். "உட்காருங்க டாக்டர்."

"நின்னுக்கிட்டே கேட்டுக்கிறேன்."

"அந்த ஆடியில மரம் விழுந்தப்போ உங்க அம்மா ஐசியூவுல இருந்தாங்க. அன்னைக்குச் சாயந்திரம் போன்ல நான் என்ன சொல்லியிருக்கணும்?"

"மரம் விழுந்துருச்சுன்னு."

"நீங்க உடைஞ்சு போயிருப்பீங்க."

"போயிருப்பேன். அதுக்கென்ன?"

"சோதனையை மூடியிருப்பாங்க. உங்களைக் கீழே அனுப்பியிருப்பாங்க, பருத்திக்கு. பேரியை விட்டா உங்களுக்கு என்ன இருக்கு?"

"உங்களை எங்க அனுப்பியிருப்பாங்க?"

பிளாஸ்க்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். "என்னையும்தான்" என்றார். "மூணு, நாலு வருசத்துல ஒட்டு சேர்ந்துடும்னு நெனச்சேன். சேர்ந்ததும் மண்ணை எடுத்துடலாம்னுதான்…"

"பஞ்சவர்ணத்துக்குக் கன்னு குடுத்தப்போ சேர்ந்திருந்துச்சா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா தோண்டிப் பார்க்கலைன்னு அர்த்தம்."

"பார்க்கப் பயமா இருந்துச்சு" என்றார். அது ஒன்றுதான் உண்மை என்று நினைக்கிறேன். உடனே அதையும் கெடுத்தார். "உங்களுக்காகத்தான் இசக்கி."

பதினோரு வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொன்னார். அதற்கு இந்த இடம்தான் கிடைத்தது.

"அந்தம்மா நடுறப்போ நான் சாண் அளந்து காட்டினேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதான இருந்தீங்க?" என்றேன்.

இருமினார். நான் வந்துவிட்டேன்.

ஜூலை 24

அம்பாசமுத்திரத்தில் அம்மா மருத்துவமனையில் கிடந்த எட்டு மாதமும் சாயந்திரம் ஆனால் போன் வரும். வேலை விஷயம்தான். "எல்லா மரமும் நல்லாருக்கு டாக்டர்." வராந்தாவில் நின்று கேட்பேன். பினாயில் வாசனை. சில நாள் வேறு எதுவும் பேச மாட்டோம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போனால் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கத் தெம்பு இருக்கும்.

அந்த நாட்களில் மரங்கள் விழுந்துகொண்டிருந்தன. இதைப் பற்றி இதற்குமேல் எழுத அவசியமில்லை.

ஆசாரி வந்து தகரத்தை அடித்துக்கொடுத்தார். இப்போது சத்தம் இல்லை.

ஜூலை 27

இயக்குநருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தேன். போனில் வந்தார்.

"விழா முடியட்டும் மேடம். அப்புறம் பதமா ஒரு திருத்தம் விடலாம்."

"அதுக்குள்ள முப்பது குடும்பமும் மரத்தை வெட்டியிருக்கும் சார்."

"அருள்நேசன் வேற மாதிரி சொல்றாரே. மண் அணைக்கிறது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுங்கறாரு. மேட்டுப்பாத்தி நல்ல யோசனைன்னு நீங்க பாராட்டினதாச் சொல்றாரு."

"பாராட்டினது உண்மைதான்."

"அறிக்கையில கையெழுத்து?"

"என்னுதுதான்."

"யோசிங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பத்து வருசத்துக்கு மேல இருக்கு உங்களுக்கு" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்ன வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. 'ரெண்டு பேரும் சேர்ந்து' என்றது மட்டும் நிற்கிறது.

ஆகஸ்டு 3

காலையிலிருந்து பள்ளங்கரைப் பக்கம் மரம் அறுக்கும் மிஷின் சத்தம். நடந்தே போனேன். இரண்டு தோட்டங்களில் பழைய நாட்டுப்பேரிகள் போய்விட்டன. ஒவ்வொன்றும் என்னைவிட மூத்த மரம். மூன்றாவது தோட்டத்தில் அறுத்துக்கொண்டிருந்தவரிடம் நிறுத்தச் சொன்னேன். மிஷினை அணைத்தார்.

"போன மாசம் நெலையத்துல இருந்து வந்து வெட்டுங்கன்னாக. இன்னைக்கு நீங்க வெட்டாதங்கறீக. நாங்க யாரு பேச்சக் கேக்குறது?"

"என் பேச்சை."

"போன மாசம் சொன்னதும் உங்க பேருலதேன்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, விழா வரைக்கும் பொறுக்கறோம். மைக்குல ஊரு முன்னால சொல்லுங்க. அப்ப நம்புறோம்."

ஆகஸ்டு 8

ஷாமியானா காற்றில் பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டிருந்தது. இயக்குநர் வரவில்லை, உடல்நலம் சரியில்லையாம். அருள்நேசன் மைக், நாற்காலி, டீ எல்லாம் கவனித்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

என் முறை வந்ததும் துண்டறிக்கையைப் படித்தேன். 'அதை மண்ணால் மூடாதீர்கள்' என்ற இடம் வரை படித்து நிறுத்தினேன். எல்லோரும் என்னோடு தோட்டத்துக்கு வர வேண்டும் என்றேன். டீ வந்துகொண்டிருக்கும்போது ஏன் எழுப்புகிறாள் என்று முணுமுணுத்தபடி எழுந்து வந்தார்கள்.

ராக்கம்மாவும் பெண்களும் மண்வெட்டியோடு நின்றார்கள். காலையிலேயே சொல்லிவைத்திருந்தேன்.

"அணைச்ச மண்ணைப் பறிங்க" என்றேன்.

"அணைச்சதுக்கு ஒருக்கா திட்டு வாங்குனோம். பறிச்சதுக்கு யாருகிட்ட வாங்கப்போறோமோ" என்றாள் ராக்கம்மா. ஆனாலும் நான் அரை நாள் எடுத்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்தாள்.

மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே இன்னொன்று, நடுவில் வேர்கள். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். முன்னால் நின்றவர் குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார், அடுத்தவர் குனிந்தார். கோயிலில் வரிசையாக வந்து தரிசனம் பார்ப்பதுபோல் இருந்தது.

"இந்த மரம் குயின்ஸ் வேர்ல நிக்கல. சொந்த வேர்ல நிக்குது. குயின்ஸும் இந்தப் பேரியும் சேராது. யாரும் மரத்தை வெட்டாதீங்க. கன்னு வாங்காதீங்க" என்றேன்.

"மூடுனது யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

காத்திருந்தேன். அந்தப் பதில் என்னுடையது இல்லை. அருள்நேசன் கூட்டத்தின் ஓரத்தில்தான் நின்றார். கேட்காமல் இருந்திருக்க முடியாது. காற்று அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"நிலையம் மூடுச்சு. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்" என்றேன்.

பஞ்சவர்ணம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குழியோரம் குந்தினாள். கீழே இருந்த பட்டையை விரலால் தடவினாள். மேல் பட்டையை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப, மூடுன மரம் நிக்கிது. சொன்ன பேச்சக் கேட்டு நட்டவ மரம் விழுந்துருச்சு."

"ஆமா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அருள்நேசன் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே, சுற்றுச் சுற்றாக, ஒழுங்காக. நன்றியுரை பாக்கி இருந்தது.

ஆகஸ்டு 9

மப்ளரை ராக்கம்மாவின் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். தள்ளுபடியில் வாங்கியதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்டு 11

விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. எனக்கு மட்டும்.

பஞ்சவர்ணத்தின் தோட்டத்துக்குப் போனேன். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விழுந்த மரங்களை விறகாக வெட்டி அடுக்கியிருந்தாள். பிஞ்சுக் காய்களை விழுந்த வாரமே சாக்கில் கட்டி ஊறுகாய்க்கு அனுப்பிவிட்டாளாம்.

"நிக்கிற மரத்த என்ன செய்ய? அடுத்த காத்துக்கு அதுவும் உக்காந்துரும்ல?" என்றாள்.

"உக்காந்துரும். ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க. உங்க வழியத்தான கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"மண்ணு அணைக்கணும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது எனக்கு. கல்லில் உட்கார்ந்திருந்த சன்னாசி மட்டும் சிரித்தார்.

ஒட்டுக்கு மேலே பேரித் தண்டில் நாலைந்து இடத்தில் பட்டையைக் கத்தியால் லேசாகக் கீறிவிட வேண்டும், அதன்மேல் மண்ணை ஏற்ற வேண்டும், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வேர் பிடிக்கும்வரை கம்பு நட்டுக் கட்டிவைக்க வேண்டும் என்று சொன்னேன்.

"மரம் ஒசரமாயிருமா?"

"ஆகும். குட்டையா நிக்காது."

சன்னாசி கம்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "ஒசரமானா என்ன? இவ ஏறட்டும். நான் கீழ நின்னு, அங்க பறி, இங்க பறின்னு அதிகாரம் பண்றேன்."

"நான் ஏறுனா மரம் மறுபடி உக்காந்துரும்" என்றாள் பஞ்சவர்ணம்.

முதல் மரத்தில் நான் பட்டையைக் கீறிக் காட்டினேன். அவள் மண்வெட்டியை எடுத்தாள்.

"ஒட்டு தெரியறதுக்கு இங்கயும் வெள்ளை அடிச்சு வைக்கணுமா?"

"வேண்டாம்."

"எம்புட்டு ஒசரத்துக்கு அணைக்க?"

"முழங்கால் ஒசரம்."

"செஞ்சு பாத்துருக்கீகளா?"

"ஆறு வருசமா நிக்குது" என்றேன்.

இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மண்ணை இழுத்தாள். நான் அடுத்த மரத்தைக் கீறி முடிப்பதற்குள் என் பின்னால் வந்து நின்றாள். அப்புறம் எனக்கு முன்னால் போய்விட்டாள். நான்கு வருடம் மடக்கி வைத்திருந்த கை.